வளைத்தாலும் பிரியாதது எப்படி?

தென்பெண்ணைக் கரையில் மூங்கில் பிளாச்சை வளைத்து, சணல் கயிற்றை நாணாகக் கட்டி விளையாடாத பிள்ளைகள் குறைவு. மணலூர்பேட்டையிலும் அப்படித்தான். முதல் நாள் அம்பு எதிர்க்கரையை நோக்கிச் சீறும். சில நாளில் வில் வளைந்தபடியே நின்றுவிடும். அம்பு காலடியில் விழும். விவரம் தெரிந்த பிள்ளை இன்னொரு பிளாச்சை அதன்மேல் வைத்து இறுக்கிக் கட்டும். வில்லின் விறைப்பு இரண்டு மடங்காகும். அதே இரண்டு பிளாச்சுகளைப் பசை தடவி ஒட்டிக் காயவைத்துப் பாருங்கள். விறைப்பு எட்டு மடங்காகும்.

மூங்கில் அதேதான், அகலமும் தடிமனும் அதேதான். நடுவில் வந்து சேர்ந்தது தாள் கனம்கூட இல்லாத ஒரு பசைப் படலம். இரண்டு எட்டானது எப்படி? அவ்வளவு மெல்லிய படலம், ஆயிரம் தடவை வளைத்து விட்டாலும் பிரியாமல் இருப்பது எப்படி?

கட்டுவதும் ஒட்டுவதும்

ஒரு நோட்டுப் புத்தகத்தை இரு கையாலும் வளையுங்கள். பக்கங்களின் ஓரம் ஒன்றையொன்று விட்டு விலகிச் சரிவாக நிற்கும். ஒவ்வொரு தாளும் தனித்தனியே வளைகிறது, பக்கத்துத் தாளின்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. அதனால்தான் நூறு பக்க நோட்டும் சுலபமாக வளைகிறது. அதே ஓரங்களை இறுகப் பிடித்துக்கொண்டு வளைக்கப் பாருங்கள். முரண்டு பிடிக்கும்.

கயிற்றால் கட்டிய பிளாச்சுகளும் இப்படித்தான் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. இரண்டு தனி விற்கள் சேர்ந்து வேலை செய்கின்றன, ஆகவே இரண்டு மடங்கு. பசை அந்த வழுக்கலைத் தடுத்துவிடுகிறது. இரண்டு பிளாச்சும் ஒரே பட்டையாகிவிடுகின்றன. பட்டையின் தடிமன் இரட்டித்தால் விறைப்பு இரண்டை மூன்று முறை பெருக்கிய அளவுக்கு, அதாவது எட்டு மடங்கு ஏறும். பசை தன் பலத்தை வில்லுக்குக் கொடுப்பதில்லை. மூங்கிலுக்குள் ஏற்கெனவே இருந்த பலத்தை வீணாகாமல் காக்கிறது.

அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்று நகர்த்தப் பார்க்கும் இந்த விசையை வழுக்குவிசை என்று அழைப்போம். வில்லில் பசைக்குள்ள முதல் வேலை இதை எதிர்த்து நிற்பது.

முதுகும் வயிறும்

இந்த வட்டாரத்துக்கு வில் பழைய உறவு. மணலூர்பேட்டையிலிருந்து ஆற்றோடு கிழக்கே போனால் மலையமான் திருமுடிக்காரியின் கோவலூர், இன்றைய திருக்கோவிலூர். அவனோடு பொருது மாண்ட கொல்லிமலைத் தலைவனுக்கு வல்வில் ஓரி என்றே பெயர். வடமேற்கே செங்கம் பகுதி நடுகற்களில் வில்லேந்திய வீரர்கள் நிற்கிறார்கள். அந்தக் கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972ல் நூலாகவே தொகுத்தது.

வில்லில் அம்பு போகும் திசையைப் பார்க்கும் புறம் முதுகு. எய்பவரைப் பார்க்கும் புறம் வயிறு. நாணை இழுக்கும்போது முதுகு நீளப் பார்க்கிறது, வயிறு நசுங்குகிறது. இரண்டுக்கும் இடையே நீளாமலும் நசுங்காமலும் ஒரு நடுத்தளம் இருக்கிறது. வழுக்குவிசை மிகுதியாக இருப்பது அங்கேதான்.

மரம் இழுப்பைத் தாங்கும் அளவுக்கு நசுக்கலைத் தாங்காது. பல மரங்களில் பாதிதான் தாங்கும். ஆகவே முதுகுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று பிரித்து எடுத்து ஒட்டுவதில் நல்ல அர்த்தம் இருக்கிறது. முதுகுக்கு மூங்கிலை மிஞ்ச எதுவும் இல்லை. மூங்கிலின் நார்கள் உள்புறத்தைவிட வெளித்தோலை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கும். கல்வராயன் மலையில் விளையும் கல்மூங்கில் கெட்டியானது, உள்ளே பொள்ளல் குறைவு. தோலைச் சீவாமல் வெளிப்பக்கமாக வைத்து, உள்புறத்தை மட்டும் இழைத்துச் சமமாக்க வேண்டும். வயிற்றுக்குச் சடச்சி மரம் ஏற்றது. உன்னு என்றும் இதைச் சொல்வார்கள். வண்டி வேலைக்கும் கருவிக் கைப்பிடிக்கும் இதைத் தேடிப் போனதற்கு அதன் துள்ளல்தான் காரணம். காட்டு மூங்கிலையும் மரத்தையும் வனத்துறை அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது. மரக்கடையில் வாங்குங்கள்.

ஒரு வில்லுக்குக் கணக்கு

முழுதாக இழுக்க 16 கிலோ விசை கேட்கும் வில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவர் பழகுவதற்குப் போதுமான வில் அது. பிடிக்கு அருகே அகலம் 3 செ.மீ., தடிமன் 1.2 செ.மீ. குறுக்குவெட்டு 3.6 சதுர செ.மீ.

பிடிக்கு மேலும் கீழுமாக வில்லுக்கு இரண்டு கை. கைக்குப் பாதியாக 8 கிலோ விழுகிறது. 8 கிலோவை 3.6ல் பங்கிட்டால் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 2.2 கிலோ. இது சராசரி. நடுத்தளத்தில் சராசரியைப் போல் ஒன்றரை மடங்கு இருக்கும் என்பது வளையும் பட்டைகளின் இயல்பு. ஆக 3.3 கிலோ.

முனைப் பக்கம் போனால் கதை சற்று மாறுகிறது. அங்கே வில் ஒடுங்கி, குறுக்குவெட்டு ஒரு சதுர செ.மீ. அளவுக்கு வந்துவிடும். முழு இழுப்பில் நாண் சாய்ந்து நிற்பதால் அதன் இழுவிசை 8 கிலோவில் நிற்காது, 16 கிலோவை ஒட்டி ஏறும். குதைக்கு, அதாவது நாண் மாட்டும் வெட்டுக்கு, சற்றுக் கீழே நடுத்தளத்தில் சதுர செ.மீ.க்குச் சுமார் 24 கிலோ வரை போகலாம்.

இப்போது பசையின் பக்கம் வருவோம். சாதாரண வெள்ளைத் தச்சுப் பசையால் ஒழுங்காக ஒட்டிய மூட்டு, காய்ந்த நிலையில் சதுர செ.மீ.க்கு 100 கிலோவுக்கு மேல் வழுக்குவிசையைத் தாங்கும். நமக்கு வேண்டியதோ பிடியருகே 3, முனையருகே 24.

கடையில் கிடைக்கும் நல்ல மரப்பசை எதுவாக இருந்தாலும் இந்த வில்லுக்குத் தேவையான பலத்தைப் போல் நான்கு மடங்காவது அதனிடம் உண்டு. டப்பாவில் அச்சிட்ட பலத்தின் எண்ணைப் பார்த்துப் பசை தேர்வது வீண் என்று நான் சொல்வது இதனால்தான். ஆனாலும் ஒட்டிய விற்கள் பிரியத்தான் செய்கின்றன. பலம் போதாமல் பிரியவில்லை என்றால், வேறு எதனால் பிரிகின்றன?

ஒரு சொட்டுத் தண்ணீர்

அணுக்களும் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஈர்க்கும். ஆனால் தொட்டுவிடும் நெருக்கத்தில் மட்டும்தான். கண்ணாடிபோல இழைத்த மரமும் அந்த அளவில் மேடும் பள்ளமும்தான். இரண்டு பலகையைச் சேர்த்து வைத்தால் அங்கங்கே சில புள்ளிகள் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. பசை திரவமாகப் போய் எல்லாப் பள்ளத்தையும் நிரப்புகிறது, பிறகு இறுகுகிறது. முதலில் நன்றாகப் பரவ வேண்டும், பிறகு நன்றாகக் கெட்டிப்பட வேண்டும். இதில் எது குறைந்தாலும் பிடிப்பு இல்லை.

பரவுமா என்று பார்க்கச் சோதனைக்கூடம் வேண்டாம். ஒட்டப்போகும் முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். இழைத்த கையோடு சடச்சியில் விட்டால் சொட்டு உடனே தட்டையாகி, ஓரம் நார்களோடு ஓடி, மரத்துக்குள் இறங்கும். இழைத்துப் பல வாரம் கிடந்த தேக்கில் விட்டால் உருண்டு திரண்டு நிற்கும். மரத்தின் எண்ணெய் மேலே வந்து படர்ந்திருக்கிறது என்பது அதன் பொருள். மூங்கிலின் வெளித்தோலிலும் பரவாமல் உருண்டு ஓடும், மெழுகும் மணற்சத்தும் நிறைந்த தோல் அது. தண்ணீர் பரவாத இடத்தில் பசையும் சரியாகப் பரவாது.

ஆகவே இழைத்த அன்றே ஒட்டுங்கள். தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய் மரமானால் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் ஒட்டுங்கள். உப்புத்தாள் தேய்த்தால் தூளை முழுக்கத் தட்டிவிடுங்கள். துருக்கிய வில் தச்சர்கள் கொம்பிலும் மரத்திலும் ஒன்றுக்கொன்று பொருந்தும் மெல்லிய நெடுங்கோடுகளைக் கீறிவிட்டுத்தான் பசை தடவினார்கள். அரிவாள் பல் போன்ற ஒரு சிறு கருவியே அதற்கென்று வைத்திருந்தார்கள். நம்மிடம் இரும்பறுக்கும் ரம்பத்தின் பிளேடு இருக்கிறது. அதை நீளவாட்டில் இழுத்தால் அதே வேலை நடக்கும்.

1944: குற்றவாளி யார்?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மஸ்கிட்டோ விமானம் மரத்தால் ஆனது. மெல்லிய மரப் பலகைகளை அடுக்கி ஒட்டியே உடலையும் இறக்கையையும் செய்தார்கள். தொடக்கத்தில் பால் புரதத்திலிருந்து எடுத்த கேசின் பசை, பிறகு யூரியா ரெசின் பசை. 1944ன் இறுதியில் இந்தியா–பர்மா முனையில் பறந்த மஸ்கிட்டோக்கள் சில உடைந்து விழுந்தன. இந்திய வெயிலும் பருவமழையும் பசையைக் கெடுத்துவிட்டன என்பதே முதலில் எழுந்த பேச்சு. தயாரித்த டிஹாவிலண்ட் நிறுவனம் இங்கே ஒரு குழுவை அனுப்பியது. தொடர்ந்து நடந்த விசாரணைகளில் வேறொன்று வெளிவந்தது. மழைக்காலத்தையே பார்க்காத விமானங்களிலும் அதே குறை இருந்தது. பாகங்கள் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டிருந்தன, ஒட்டிய வேலையின் தரம் மோசமாக இருந்தது என்று தொழிற்சாலைப் பக்கம் விரல் நீண்டது.

வில் தச்சருக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடைக்காது. வெள்ளைப் பசை மயிரிழை இடைவெளியில்தான் முழுப் பலத்தோடு இருக்கும். அதில் ஏறக்குறைய பாதி தண்ணீர். தண்ணீர் மரத்துக்குள் போனதும் பசை சுருங்கும். இடைவெளி பெரிதானால் நடுவே வெற்றிடம் விழும். இரண்டு பட்டையையும் சேர்த்து விளக்குக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் கசிகிற இடத்தில் மீண்டும் இழையுங்கள். கிளாம்ப் போட்டு நெருக்கினால் சேர்ந்துவிடும் என்று விடாதீர்கள். நெருக்கிச் சேர்த்த மூட்டு வாழ்நாள் முழுக்கப் பிரியவே பார்த்துக்கொண்டிருக்கும்.

உரிந்து போகும் ஓரம்

ஒட்டிய விற்கள் பிரிவது பெரும்பாலும் பிடியில்தான். கைக்கு அடக்கமாக இருக்க வயிற்றுப் பக்கம் ஒரு கட்டையை ஒட்டுவார்கள். வில் வளைகிறது, தடித்த கட்டை வளைய மறுக்கிறது. கட்டையின் ஓரத்தில் மரம் ஒரு பக்கம் போக, கட்டை இன்னொரு பக்கம் நிற்க, பசையின் விளிம்பு மட்டும் மேல்நோக்கிப் பிளக்கப்படுகிறது. இது உரிப்பு விசை.

வழுக்குவிசை ஒட்டிய பரப்பு முழுக்கப் பரவி நிற்கும். ஒவ்வொரு சதுர செ.மீ.ம் தன் பங்கைத் தாங்கும். உரிப்பு விசையோ விளிம்பில் ஒரு நூலளவுக் கோட்டின்மேல் மொத்தமாக இறங்குகிறது. அந்தக் கோடு விட்டதும் அடுத்த கோடு முன்னணிக்கு வருகிறது. 100 கிலோ தாங்கும் பசை, உரித்தால் சில கிலோவிலேயே விட்டுக்கொடுத்துவிடும். எந்தப் பசையை மாற்றினாலும் இதற்கு முழு மருந்து கிடைக்காது. மருந்து உளியில் இருக்கிறது. கட்டையின் இரு முனையையும் ஐந்தாறு செ.மீ. நீளத்துக்குச் சரித்து, கடைசியில் தாள் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த நுனி வில்லோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும். பிடியை ஒட்டிய பகுதியை அகலமாகவும் தடிமனாகவும் விட்டு, அங்கே வளைவே வராமல் செய்யுங்கள். வளையாத இடத்தில் உரிப்பு இல்லை.

கீழே வெயில், மேலே ஈரம்

மூட்டு பொருந்தியது, முகம் சுத்தம், பிடியும் சரித்தாயிற்று. பசையைத் தேர்வது இப்போதுதான் அர்த்தமுள்ள வேலையாகிறது. எந்தப் பசை பலமானது என்று கேட்க வேண்டாம். இந்த வில் எங்கே வாழப்போகிறது என்று கேளுங்கள். மணலூர்பேட்டையில் சித்திரை வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும். அதே வில்லைக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்குக் கொண்டுபோனால் மழைக்காலத்தில் மூடுபனியும் ஈரமும். இரண்டும் வேறு வேறு பசைகளைச் சோதிக்கும்.

முதலில் வச்சிரம். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கும் இந்தப் பசைதான் நம் தச்சர்களின் பழைய துணை. ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து 60 டிகிரி அளவில் இளக்குவார்கள். கொதித்தால் கெட்டது. காய்ந்தால் எலும்புபோல் இறுகி, வருடக்கணக்கில் சுமையிருந்தாலும் நகராது. கொம்பு, மரம், தசைநார் மூன்றையும் சேர்த்த ஆசியக் கூட்டு விற்கள் இந்த இனப் பசைகளால்தான் நின்றன. ஜப்பானிய நெடுவில்லுக்கு மான்தோல் பசை. ஆனால் ஈரம் பட்டால் வச்சிரம் இளகும், பூஞ்சையும் பிடிக்கும். முகலாயர் காலத்தில் இந்தியப் படைகளில் முழுக்க எஃகால் ஆன விற்கள் இருந்ததற்கு, பருவமழையிலும் ஆயுதக் கிடங்கில் கெடாமல் கிடக்கும் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சமவெளியில் வீட்டுக்குள் வைத்துப் போற்றும் வில்லுக்கு வச்சிரம் அருமையானது. மலைக்கு வேண்டாம்.

வெள்ளைப் பசை என்றால் நமக்கு ஃபெவிகால்தான். 1959ல் வந்த பெயர் பொருளுக்கே பெயராகிவிட்டது. இதன் மூலப்பொருளான பாலிவினைல் அசிடேட், 30 முதல் 40 டிகிரிக்குள் கண்ணாடித் தன்மையிலிருந்து ரப்பர் தன்மைக்கு மெல்ல மாறத் தொடங்கும். நாற்காலி மூட்டுக்கு அது பொருட்டில்லை. நாண் ஏற்றிய வில் மணிக்கணக்கில் விசையைச் சுமந்து நிற்கிறது. வெயிலில் இளகிய பசையில் அடுக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல நகரும். இதை ஊர்வு என்போம். பிரியாது; ஆனால் வில் வளைந்தபடியே நிற்கத் தொடங்கும். தண்ணீரைத் தாங்கும் மரைன் வகையில் இந்தக் குறை குறைவு. பொருத்தம் மிக நன்றாக இருந்து, எய்து முடித்ததும் நாணைக் கழற்றும் பழக்கமும் இருந்தால் அது போதும்.

எபாக்சி என்றால் பலருக்கு நினைவு வருவது அரால்டைட். சிபா நிறுவனம் 1946ல் கொண்டுவந்தது. பிசினும் இறுக்கியும் கலந்தால் வேதிமாற்றத்தால் கெட்டிப்படும். தண்ணீர் ஆவியாக வேண்டியதில்லை, ஆகவே சுருக்கம் மிகக் குறைவு. சிறு இடைவெளியை நிரப்பும், ஈரத்தை நன்றாகத் தாங்கும். மூங்கிலையும் சடச்சியையும் சேர்க்க, இரண்டு காலநிலைக்கும் பொதுவாக, நான் பரிந்துரைப்பது மெதுவாக இறுகும் எபாக்சி. ஐந்து நிமிடத்தில் இறுகும் விரைவு வகை வேண்டாம். வெப்பமும் ஈரமும் அதை எளிதில் தளர்த்தும். ஒன்றரை மீட்டர் பட்டையில் தடவி முடிக்கவும் நேரம் இருக்காது. எபாக்சியும் வெயிலுக்கு முழுக்கத் தப்பியதல்ல. அறை வெப்பத்தில் இறுகிய பல வகைகள் 50, 60 டிகிரியில் மென்மையாகும். மூடிய காருக்குள் வில்லை விட்டுப் போகாதீர்கள்.

ரப்பர் பசை, அதாவது செருப்புக்கும் சன்மைக்காவுக்கும் தடவுவது, வில்லுக்கு ஆகாது. காய்ந்த பிறகும் அது நெகிழும், ஊர்வுக்கு இடம் கொடுக்கும். எட்டு மடங்கு விறைப்பு மறுபடி இரண்டை நோக்கி இறங்கிவிடும். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை நொறுங்கும் இயல்புடையது, அம்பு விடும் அதிர்ச்சியைத் தாங்காது. முதுகில் கிளம்பும் சிறு சிராயை அமுக்கி ஒட்ட மட்டும் அது உதவும்.

ஒட்டும் நாள்

தை 5ஆம் நாள் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருவார். அது முடிந்து பங்குனி வெயில் ஏறும்வரை உள்ள வாரங்கள் ஒட்டுவேலைக்கு மிகத் தோதானவை. மழை ஓய்ந்து மரம் உலர்ந்திருக்கும், காற்றில் சூடும் இருக்காது. மூங்கிலும் மரமும் ஒரே அறையில் சில வாரம் சேர்ந்து கிடக்கட்டும். ஈரம் இரண்டிலும் சமமாகும். ஒன்று பச்சையாகவும் ஒன்று உலர்ந்தும் இருந்தால், ஒட்டிய பிறகு ஒன்று மட்டும் சுருங்கிப் பசையை இழுக்கும்.

எபாக்சிக்கு வெப்பம் பத்து டிகிரி ஏறினால் கைவசம் உள்ள நேரம் ஏறக்குறைய பாதியாகும். 25 டிகிரியில் ஒரு மணி நேரம் தாங்கும் கலவை 35ல் அரை மணிதான் தாங்கும். குவளையில் குவித்து வைத்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகும். அகன்ற தட்டில் பரப்பிக் கலக்குங்கள். பிசினும் இறுக்கியும் சொன்ன அளவில் இருக்க வேண்டும். இறுக்கி கூடினால் சீக்கிரம் இறுகும் என்று நினைத்து ஊற்றினால் பசை மென்மையாகவே நின்றுவிடும். கையுறை அவசியம். எபாக்சி ஒரு முறை தோலுக்கு ஒவ்வாமல் போனால் பிறகு எப்போதும் ஒவ்வாது.

இரண்டு முகத்திலும் மெல்லிதாகத் தடவிச் சேர்த்து, பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகல நாடாவாக வெட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். ரப்பர் நீளம் முழுக்கச் சமமாக அழுத்தும். ஓரமெல்லாம் சிறு மணிகளாகப் பசை பிதுங்கினால் அளவு சரி. எங்காவது பிதுங்கவில்லை என்றால் அங்கே பசை போதவில்லை. எபாக்சியை இரும்பு கிளாம்ப் போட்டு நசுக்க வேண்டாம், பசை முழுக்க வெளியேறி மூட்டு வறண்டுவிடும். வெள்ளைப் பசைக்கு மட்டும் அழுத்தம் கூடுதலாக வேண்டும். நிழலில் ஒரு நாள் இறுகவிட்டு, பிறகு துணி சுற்றி மொட்டைமாடி வெயிலில் ஒரு பகல் வைத்தால் எபாக்சி இன்னும் முழுமையாக இறுகும், வெப்பம் தாங்கும் அளவும் ஏறும். ஆனால் முதல் நாளே வெயிலில் வைத்தால் பசை ஓடிவிடும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத் தச்சர்களின் மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தின் வாட்டம் அறிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. பட்டை இழைப்பதில் சந்தேகம் வந்தால் பக்கத்துப் பட்டறையில் போய்க் கேளுங்கள்.

நாண் பூட்டும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வில் ஒட்டும் அன்றே, அதே மூங்கிலிலும் சடச்சியிலும் மிஞ்சிய துண்டுகளை அதே பசையால் ஒட்டி வையுங்கள். நான்கு நாள் கழித்து உளியை மூட்டில் வைத்துச் சுத்தியலால் தட்டிப் பிளந்து பாருங்கள். இரு முகத்திலும் மரநார் பிய்ந்து ஒட்டியிருந்தால் பசை மரத்தை வென்றுவிட்டது, வில்லை நம்பி வளைக்கலாம். பசை மட்டும் பளபளவென்று தெரிந்தால் அந்த வில்லை ஒருபோதும் முழுதாக இழுக்காதீர்கள். முழு இழுப்பில் உடையும் வில்லின் சில் நேராக முகத்துக்குத்தான் வரும்.